யாரிடமிருந்து தொற்றியது

மாவட்டக் காசநோய் அலுவலகத்தின் பதிவேட்டு அறைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. அங்கே போடப்பட்டவர்கள் முதல் வாரமே வேறு இடம் கேட்டு மனு எழுதத் தொடங்கிவிடுவார்கள். பக்கத்து அறையில் சளிப் பரிசோதனை. வாசலில் இருமல் வரிசை. ஜன்னலைச் சாத்தக் கூடாது என்பது விதி. அதனால் மழைக்காலத்தில் காகிதம் நமுத்துப்போகும், காற்றுக்காலத்தில் பறக்கும். இந்த அறைக்குத்தான் ஒரு பெண், நில அளவை அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியை விட்டுவிட்டு, மூன்று முறை மனுப் போட்டு மாற்றல் வாங்கி வந்தாள்.

"யாரும்மா உங்களுக்கு இப்படி ஆப்பு வெச்சது?" என்று முதல் நாள் கேட்டார் சளிப் பரிசோதனைக்காரர்.

"நானேதான் வெச்சுக்கிட்டேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஒரு வருடத்துக்குள் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர் விழுந்துவிட்டது. காசநோய்ப் பதிவேடு வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை. ஓர் ஆளை ஒரு முறைதான் எண்ண வேண்டும். அவர் எந்த மாவட்டத்தில் குடியிருக்கிறாரோ அங்கேதான் எண்ண வேண்டும். சளியில் கிருமி தெரிந்தால் ஒரு கட்டம். கிருமி தெரியாமல் மருத்துவரே முடிவெடுத்துச் சிகிச்சை தொடங்கினால் இன்னொரு கட்டம். இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு இனிஷியலோடு பதிந்த ஒரே ஆளைச் சல்லடை மோப்பம் பிடித்துவிடுவாள். எண்ணிக்கை கூடினாலும் மேலிடத்துக்குக் கோபம், குறைந்தாலும் கோபம். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. விதிப்புத்தகத்தில் இருப்பது உள்ளே, இல்லாதது வெளியே.

ஆனால் அவள் இந்த அறைக்கு வந்தது மாவட்டத்தின் எண்ணிக்கையைச் சரிசெய்ய அல்ல. ஒரே ஓர் ஆளை எழுதவைக்க.

அந்த ஆள் கைராசி டாக்டர். சந்தை முனையில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய கிளினிக். காலையில் தொண்ணூறு டோக்கன். படிக்கட்டு முழுக்க ஆள். ஜனங்களுக்கு அவர் மேல் உயிர், ஏனென்றால் அவர் கெட்ட சேதி சொல்லமாட்டார். மாதக்கணக்கில் இருமுகிறவர் வந்தால் தோளில் தட்டி, "ஒண்ணுமில்ல, நுரையீரல்ல கொஞ்சம் சளிக்கட்டு. மாத்திரையை மட்டும் விடாமப் போடு" என்பார். சளியைப் பரிசோதனைக்கு அனுப்பமாட்டார். எழுதிக் கொடுப்பது மட்டும் காசநோய்க்கான நான்கு மருந்துகள். எந்த மருத்துவரும் காசநோயாளியைப் பார்த்தால் ஏழு நாளுக்குள் மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். டாக்டரின் வாதம் சுருக்கமானது: பரிசோதனை இல்லையென்றால் நோய் இல்லை, நோய் இல்லையென்றால் தெரிவிக்க ஒன்றும் இல்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன் அவர் தோளில் தட்டிய ஆட்களில் ஒருவன் சல்லடையின் தம்பி. அச்சகத்தில் புத்தகம் தைப்பவன். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டான். "அக்கா, மூத்திரம் செங்கல் கரைச்ச மாதிரி போகுது, எனக்குள்ள யாரோ வீடு கட்டுறாங்க போல" என்று சிரித்தான். இருமல் நின்றது. டாக்டர், "போதும், சரியாப்போச்சு" என்றார். மாத்திரையும் நின்றது. ஐந்தாம் மாதம் அச்சகத்தில், காகிதக் கட்டின் மேலேயே ரத்தமாகக் கக்கினான். ஆட்டோ மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. சான்றிதழில் நுரையீரல் ரத்தக்கசிவு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து அவனுடைய நான்கு வயது மகளுக்குக் காய்ச்சல், கழுத்து விறைப்பு, பிறகு நினைவில்லை. பெரிய மருத்துவமனையில் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள். மூளையில் காசநோய். பதிவு செய்ய வந்த ஊழியர் கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது இந்த நோய் இருந்துச்சா?"

"இல்ல சார்" என்று சொன்னது சல்லடைதான். "என் தம்பிக்குச் சளி இருந்துச்சு. அவ்வளவுதான்."

ஊழியர் 'தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். மறுநாள் நர்ஸ் குழந்தைக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, "மூத்திரம் செவப்பாப் போகும், பயந்துடாதீங்க, இந்த மருந்துக்கு அப்படித்தான்" என்றாள். சல்லடைக்குத் தம்பி சொன்ன செங்கல் நினைவு வந்தது. வீட்டுக்கு ஓடி, தம்பியின் சட்டைப்பையில் இருந்த பழைய மருந்துச்சீட்டை எடுத்து வந்து நர்ஸிடம் காட்டினாள். நர்ஸ் சீட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், "இது அதேதான்" என்றாள்.

குழந்தை பிழைத்தது. இரண்டு காதும் போய்விட்டன.

அதற்கப்புறம்தான் அந்த மூன்று மனுக்கள். பதிவேட்டு அறைக்கு வந்த முதல் வாரமே டாக்டரின் பெயருக்கு நேரே இருந்த வரிசையைப் பார்த்தாள். ஜனவரி, பூஜ்யம். பிப்ரவரி, பூஜ்யம். எட்டு வருடம் அந்த வரிசையை ஒவ்வொரு மாதமும் அவளே எழுதினாள். அந்த ஆள், தன் கையால், தெரிந்தேதான் செய்தேன் என்று எழுத வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

வழி திறந்தது ஒரு சுற்றறிக்கையால். காசநோய் மருந்து விற்கும் கடைகள் வாங்குபவர் பெயர், முகவரி, எழுதிக் கொடுத்த மருத்துவர் எல்லாவற்றையும் தனி ஏட்டில் எழுத வேண்டும்; மாவட்ட அலுவலகம் அதைப் பார்க்கலாம். பதினான்கு மாதம் பொறுத்தாள். ஏடு நிறையட்டும் என்று காத்திருந்தாள். பிறகு உத்தரவோடு போய் டாக்டரின் மாடிக்குக் கீழே இருந்த மருந்துக்கடையில் நின்றாள்.

கடைக்காரர் ஏட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். "மேடம், இது டாக்டருக்குத் தெரிஞ்சா என் கடையைத் தூக்கிடுவாரு."

"தெரியத்தான் போகுது. நான்தான் சொல்லப்போறேன்."

"நீங்க எனக்கு ஆறுதல் சொல்றீங்களா, பயமுறுத்துறீங்களா?"

"ஏட்டைக் குடுங்க. நீங்க சட்டப்படி எழுதியிருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது."

"அதான மேடம், சட்டப்படி நடக்குறவனுக்குத்தான் இங்க வயித்தைக் கலக்குது."

டாக்டரின் பெயரில் முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள். அத்தனையையும் படம் எடுத்துக்கொண்டாள். படிக்கட்டில் டோக்கனோடு நின்ற கூட்டத்தில் ஒருவர், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, டாக்டரோட காத்து எங்க மேலயும் படட்டும்" என்றார். அவள் தள்ளி நின்றாள்.

பிறகு சலிக்கத் தொடங்கினாள். ஒரே ஆள் மாதாமாதம் வாங்கிய வரிகளைச் சேர்த்ததும் முந்நூற்றுப் பன்னிரண்டு வரி அறுபத்து நான்கு ஆளானது. ஒன்பது பேர் பிற்பாடு அரசு மருத்துவமனைக்குப் போய் ஏற்கெனவே பதிவாகியிருந்தார்கள். அந்தப் பெயர்களை அடித்தாள். ஏழு பேர் வேறு மாவட்டத்துக்காரர்கள். அந்தந்த அலுவலகத்துக்குக் கடிதம் போட்டுவிட்டு அடித்தாள். பத்துப் பேர் ஒரு மாதத்துக்கான மருந்துகூட முழுதாக வாங்கவில்லை. வேறு நோய் என்று தெரிந்து டாக்டரே நிறுத்தியிருக்கலாம். அந்தப் பத்துப் பேரையும் உள்ளே வைத்துக்கொண்டால் எண் பெரிதாகும், அடி பலமாக விழும். பேனாவைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பத்தையும் அடித்தாள். ஒரு பெயர் தப்பாக இருந்தாலும் அந்த ஆள் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றிலிருந்தும் தப்பித்துவிடுவார். மீதி முப்பத்தெட்டு.

அந்த நாட்களில் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தம்பி மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள். இப்போது பதின்மூன்று வயது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிப்பவள். தன் குரல் தனக்குக் கேட்காததால் கொஞ்சம் சத்தமாகவே பேசுவாள்.

"அத்தை, நீ யாரையோ திட்டிட்டே வெண்டைக்காய் நறுக்குற."

"நான் பேசவே இல்லையே."

"சத்தம் வரலேன்னா எனக்கு என்ன? உதடு ஆடுதே. ரெண்டாவதா ஒண்ணு சொன்ன பாரு, அந்த வார்த்தை பள்ளிக்கூடத்துல பசங்கதான் சொல்லுவாங்க."

துணிக்கடை வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தம்பி மனைவி திரும்பிப் பார்த்தாள். "அண்ணி, யாரைத் திட்டுறீங்கன்னு எனக்குத் தெரியும். போனது போச்சு. அந்த ஆளு பெரிய இடம். நம்மளைத்தான் நசுக்குவான்."

"நசுக்கட்டும். முள்ளு மாதிரி இருந்தா நசுக்குறவன் கால்ல ஏறும்ல?"

முப்பத்தெட்டுப் பேரும் நிஜமாகவே அந்த மருந்தைச் சாப்பிடுகிறார்களா என்று வீடு வீடாகப் பார்க்க வேண்டியிருந்தது. கள ஊழியர்களோடு அவளும் போனாள். மூன்று வாரம். எந்த வீட்டிலும் யாருக்கும் நோயின் பெயர் தெரிந்திருக்கவில்லை. பள்ளி வேன் ஓட்டுபவர் ஒருவர் வாசலிலேயே மறித்தார்.

"யாரு சொன்னது எனக்கு டிபின்னு? கைராசி டாக்டரே சளிக்கட்டுன்னுதான் சொன்னாரு. அவரைவிட நீங்க பெரிய டாக்டரா?"

"நான் டாக்டரே இல்ல. எழுதுறவ. மாத்திரையையும் சீட்டையும் காட்டுங்க."

காட்டினார். நாலாவது மாதம்.

"இது வேற எதுக்கும் குடுக்குற மருந்து இல்லண்ணே. ஒழுங்காச் சாப்பிட்டிருக்கீங்க, இப்ப உங்ககிட்ட இருந்து பரவாது. இன்னும் ரெண்டு மாசம் விடாதீங்க. ஆனா ஆரம்பத்துல வண்டியில யாரு யாரு வந்தாங்க?"

"பத்தொன்பது புள்ளைங்க." சொல்லிவிட்டு அவருக்கே குரல் இறங்கியது. பிறகு கோபம் திரும்பியது. "இதை வெளிய சொல்லி என் வேலை போச்சுன்னா நீங்க வந்து வண்டி ஓட்டுவீங்களா?"

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. உங்க பேரு வெளிய போகாது. புள்ளைங்களை மட்டும் பார்க்கணும்."

அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "என் வீட்ல ஒண்ணு இருக்கும்மா. மூணு வயசு. அதுக்கும் பார்க்கணுமா?"

"முதல்ல அதுக்குத்தான்."

முப்பத்தெட்டு வீடுகளிலும், வேனில் வந்த பத்தொன்பது பிள்ளைகளுக்கும் சோதனை நடத்தியதில் ஐந்து புதிய நோயாளிகள் கிடைத்தார்கள். இரண்டு பேர் குழந்தைகள். வேன்காரர் வீட்டுக் குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

மாவட்ட அதிகாரி ஒரு பெண் மருத்துவர். எதையும் இரண்டு முறை கேட்பவர். பட்டியலை முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு அவர் மேல தனிப்பட்ட கோபம் இருக்குன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க."

"இருக்கு மேடம்."

"அப்ப இந்தப் பட்டியலை நான் எப்படி நம்புறது?"

"கோபம் இருக்குறதாலதான் ஒவ்வொரு பேரையும் மூணு தடவை பார்த்தேன். பிடிச்ச ஆளா இருந்தா ஒரு தடவையோட விட்டிருப்பேன்."

அதிகாரி மறுபடியும் படித்தார். பிறகு டாக்டருக்கு விசாரணைக் கடிதம் போனது.

டாக்டர் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். சளிப் பரிசோதனைக்காரர்கூட எழுந்துவிட்டு, சல்லடை பார்த்ததும் உட்கார்ந்தார்.

"முப்பத்தெட்டுப் பேருக்கு டிபியா?" டாக்டர் சிரித்தார். "மேடம், ஒருத்தருக்காவது டெஸ்ட் ரிசல்ட் காட்டுங்க. நான் அனுப்பவே இல்ல. டெஸ்ட் இல்லாம கேஸ் எப்படி?"

அதிகாரி சல்லடையைப் பார்த்தார். அவள் விதிப்புத்தகத்தைத் திறக்கவில்லை, மனப்பாடம்.

"கிருமி உறுதியாகாவிட்டாலும், ஒரு மருத்துவர் காசநோய் என்று கருதி முழுச் சிகிச்சை கொடுக்க முடிவுசெய்தால், அவர் காசநோயாளி."

"நான் முடிவு பண்ணேன்னு யாரு சொன்னது? ஒரு டாக்டர் மனசுல என்ன இருந்துச்சுன்னு உங்க ரிஜிஸ்டருக்கு எப்படித் தெரியும்?"

"மனசை நாங்க கேக்கல டாக்டர். ஆறு மாசம் சாப்பிடணும்னு எழுதின சீட்டு இருக்கு. முப்பத்தெட்டுப் பேருக்கும், மாசாமாசம், உங்க கையெழுத்தோட."

சீட்டுகளின் நகல்களை மேஜையில் அடுக்கினாள். டாக்டர் மேலே இருந்ததை எடுத்தார், வைத்தார், அடியில் இருந்ததை உருவிப் பார்த்தார். தப்பு தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. தேடட்டும் என்று நின்றாள். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அந்தப் பத்துப் பேரை அடித்தாள்.

"புகார் மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். அதை அவங்க பார்த்துக்குவாங்க" என்றார் அதிகாரி. "இவங்க எல்லாரையும் தெரிவிக்கிற படிவம் இன்னைக்கே வேணும். உட்கார்ந்து எழுதுங்க."

"முப்பத்தெட்டுமா? கிளினிக்ல என் டோக்கன் காத்துட்டு இருக்கு."

"அவங்க நல்லாப் பழகினவங்க டாக்டர், காத்திருப்பாங்க" என்று பேனாவை நீட்டினாள் சல்லடை.

இரண்டே கால் மணி நேரம். ஒவ்வொரு படிவத்திலும் 'நோய்' என்ற கட்டத்தில் அவர் ஒன்பது வருடமாகச் சொல்லாத பெயரை எழுதினார். அவள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சரிபார்த்தாள். போன் அடித்தது, எடுத்து, "இல்ல, இன்னும் முடியல" என்றார். பன்னிரண்டாவது படிவத்தில் சிகிச்சை தொடங்கிய நாளைத் தப்பாக எழுதினார். கிழித்துவிட்டுப் புதிது கொடுத்தாள். இருபதாவதில் விரலை நெட்டி முறித்தார். அவளுக்கு அந்தச் சத்தம் இனித்தது.

முப்பத்தெட்டாவதும் முடிந்தபோது, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த ஒரு பழைய மருந்துச்சீட்டை அவர் முன் வைத்தாள். டாக்டர் தேதியைப் பார்த்தார். பெயரைப் பார்த்தார். விசாரணைக் கடித உறையில் இருந்த அவளுடைய இனிஷியலைப் பார்த்தார், அதே எழுத்து.

"இவர் உங்களுக்கு..."

"தம்பி."

"எனக்கு முகமே ஞாபகம் இல்லம்மா."

"தெரியும். அதான் சீட்டோட வந்திருக்கேன்."

டாக்டர் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த இரண்டே கால் மணி நேரத்தில் அவரும் விதியைக் கற்றுக்கொண்டிருந்தார். "இது ரெண்டு மாசம்தான். சும்மா குடுத்துப் பார்த்தது. முழுச் சிகிச்சைன்னு நான் முடிவே பண்ணல. உங்க புத்தகப்படியே இதை எண்ண முடியாது."

"முடியாது டாக்டர். இது எனக்கு எட்டு வருஷமாத் தெரியும்." அவள் குரல் ஏறவில்லை. "என் தம்பியை எண்ணச் சொல்லி நான் கேக்கல."

ஒன்பது வருடத்துக்கு முந்தைய பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தாள். நானூற்றுப் பதினேழாவது வரி. பெண், நான்கு வயது, முதுகுத்தண்டு நீரில் கிருமி உறுதி. கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'யாரிடமிருந்து தொற்றியது'. கீழே, 'தெரியவில்லை'.

அதிகாரி அந்த வரியைப் படித்தார். ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. "இந்த வயசுக் குழந்தைக்கு வந்தா, கூட இருந்த பெரியவங்க யாருக்கோ இருந்திருக்கணும். இந்தக் கட்டத்தை எப்ப வேணா திருத்தலாம், பார்த்த மருத்துவர் எழுதிக் குடுத்தா போதும். குழந்தையோட அப்பாவுக்கு நீங்க மருந்து குடுத்திருக்கீங்க. எதுக்குன்னு எழுதுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "டிபின்னு எழுதினா, மறைச்சேன்னு சொல்வீங்க."

"ஆமா" என்றாள் சல்லடை.

"இல்லைன்னு எழுதினா?"

"டிபி இல்லாத ஆளுக்கு ரெண்டு மாசம் நாலு டிபி மருந்து குடுத்தீங்கன்னு அதையும் கவுன்சிலுக்கு அனுப்புவோம். உங்க இஷ்டம் டாக்டர். அவசரமே இல்ல."

"பாவம் பார்த்துத்தாம்மா நான் பேரைச் சொல்லாம இருந்தேன். சொன்னா வேலை போகும், வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லுவான். ஜனங்களே வந்து, 'எழுதாதீங்க டாக்டர்'னு கெஞ்சுவாங்க."

"என் தம்பி கெஞ்சல. அவனுக்கு என்னன்னே அவனுக்குத் தெரியாது. பொண்ணைப் பக்கத்துல போட்டுக்கிட்டுத் தூங்கினான்."

டாக்டர் காகிதத்தை இழுத்துக்கொண்டார். நான்கு வரி எழுதி அவள் பக்கம் தள்ளினார். அவள் படித்தாள். இன்ன தேதியில் பார்த்தபோது நுரையீரல் காசநோய் இருப்பதாகக் கருதியே இந்த மருந்துகளைக் கொடுத்தேன்.

"இன்னும் ஒரு வரி இருக்கு."

"என்ன வரி?"

"சொன்னீங்களா, இல்லையான்னு."

டாக்டர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் குனிந்து எழுதினார்: நோயாளியிடமோ அவர் குடும்பத்தாரிடமோ நோயின் பெயரைச் சொல்லவில்லை, யாரையும் பரிசோதிக்கச் சொல்லவும் இல்லை. கையெழுத்து. தேதி.

சல்லடை 'தெரியவில்லை' என்பதன் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டாள். மேலே 'தந்தை' என்று எழுதினாள். பக்கத்தில் அதிகாரி சுருக்கொப்பம் வைத்தார். மை காயும்வரை அவள் பதிவேட்டை மூடவில்லை.

டாக்டர் இரண்டு போனையும் பொறுக்கிக்கொண்டு எழுந்தார். "இப்பத் திருப்திதானே உங்களுக்கு?"

"இல்ல டாக்டர்" என்றாள். அலமாரியைத் திறந்து, நூறு தாள் கொண்ட புதுப் படிவக் கட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இது இனிமே வர்றவங்களுக்கு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்துடணும். ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாது."

அந்த வெள்ளிக்கிழமை நான்கு படிவங்கள் வந்தன. மூன்றில் சிகிச்சை தொடங்கிய நாள் இல்லை. நான்கு வீடுகளுக்கும் அன்றே கள ஊழியரை அனுப்பிவிட்டு, அந்த மூன்று படிவங்களையும் உறையில் போட்டு, டாக்டரே வந்து திருத்திக் கொடுக்க வேண்டும் என்று எழுதி, சந்தை முனைக்குத் திருப்பி அனுப்பினாள்.